வெள்ளிக்கிழமைப் பூட்டு

ஒரத்தநாடு
12 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பி பரணிதரனுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு நானும் உன் அண்ணியும் நலம். எனக்குச் சர்க்கரை ஏறி இறங்குகிறது, அவளுக்கு முழங்கால் பிடித்துக்கொள்கிறது. இதையும் நலம் என்றே எழுதிப் பழகிவிட்டது. நீயும் மேகலாவும் குழந்தையும் சிங்கப்பூரில் சுகமா? மேட்டூரைக் காலம் கடந்து திறந்ததால் குறுவை போய்விட்டது. புதாற்றில் இப்போதுதான் தண்ணீர். சம்பாவுக்கு நாற்று விடவேண்டும்.

போனில் பேசாமல் மெயில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. போனில் நீ "சரிண்ணே, சரிண்ணே" என்பாய். வைத்ததும் மறந்துவிடுவாய். எழுத்து நிற்கும்.

போன வாரம் அரிசி மில் சாமிதுரை வீட்டுக்கு வந்தார். பிரபுவின் கம்பெனி சாப்ட்வேரைத்தான் அவர் மில்லிலும் போட்டிருக்கிறார். உன்னோடு திருச்சியில் படித்து, நம் வீட்டில் மாதக்கணக்கில் சாப்பிட்ட அதே பிரபுதான். சாமிதுரை சொன்னது இது:

"என்னா சார் எழவு இது! வெள்ளிக்கெழம பன்னெண்டரை ஆனா கம்ப்யூட்டரு கண்ண மூடிக்கிது. ரெண்டு மணிக்குத்தான் முழிக்கிது. அதுவரைக்கும் ஒரு மூட்ட எடை ஏறமாட்டேங்குது. கம்பெனிக்காரன கேட்டா அப்டேட் ஆவுதுங்கிறான். வாராவாரமா அப்டேட்டு?"

அது என் பூட்டு, பரணி. கூத்தாநல்லூர் சித்தீக் பாய் மில்லுக்காக நான் முதன்முதலில் அந்தப் புரோகிராமை எழுதியபோது வைத்தது. வெள்ளிக்கிழமை மதியம் மில்லில் எல்லோரும் தொழுகைக்குப் போய்விடுவார்கள், ஆளில்லாத நேரத்தில் எவனும் எடை போடக்கூடாது என்று எடைத் திரையைப் பூட்டிவைத்தேன். ஒரத்தநாட்டு சாமிதுரைக்கு அந்தப் பூட்டு எதற்கு? திருடியவனுக்கு அது என்னவென்றே தெரியவில்லை, அதனால்தான் எடுக்கவும் தெரியவில்லை. ஈர நெல் எவ்வளவு அரிசி காணும் என்று சொல்லும் கணக்கும் என்னுடையதுதான்.

தை மாதம் திருவாரூரில் மில் உரிமையாளர் சங்க விழா. அதில் அந்த சாப்ட்வேரை உருவாக்கியதற்காகப் பிரபுவுக்குப் பாராட்டு. சங்கச் செயலாளர் சித்தீக் பாயிடம் போய்ச் சொன்னேன். அவர், "நீங்க எழுதுனதுன்னு எனக்குத் தெரியும் சார். ஆனா என் பழைய கம்ப்யூட்டர் எப்பவோ காயலான் கடைக்குப் போயிருச்சு. மேடையில ஓட்டிக் காமிங்க. மத்தத நான் பேசுறேன்" என்றார்.

நீதான் நம் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரை அப்படியே புதிய கம்ப்யூட்டருக்குள் ஒரு விர்ச்சுவல் மெஷினாக வைத்துக் கொடுத்தாய், கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் என்று. அந்தப் புதிய கம்ப்யூட்டரும் கஜா புயலில் செத்துப் பரணில் கிடக்கிறது. அதன் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எல்லாவற்றையும் நான் இப்போது வாங்கியிருக்கும் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் மெஷினை ஸ்டார்ட் செய்தால், விர்ச்சுவலைசேஷன் வசதி பயாஸில் அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது என்று பிழை வருகிறது. என்ன செய்வது? தெளிவாக எழுது.

ஆசிகளுடன்,
சாரங்கபாணி


சிங்கப்பூர்
15 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம்.

இங்கு மூவரும் நலம். அண்ணியின் முழங்காலை ஒருமுறை தஞ்சாவூரில் காட்டுங்கள். நீங்களும் நடைப்பயிற்சியை விடவேண்டாம்.

கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் எஃப்2 பொத்தானைத் தொடர்ந்து தட்டுங்கள். நீலத் திரை வரும். அதில் அட்வான்ஸ்டு என்ற பகுதிக்குள் விர்ச்சுவலைசேஷன் என்று இருக்கும். அதை எனேபிள் செய்து, எஃப்10 அழுத்தி வெளியே வாருங்கள். அவ்வளவுதான்.

ஆனால் அண்ணே, இவ்வளவு வருடம் கழித்து இதெல்லாம் வேண்டுமா? பிரபுவோடு எனக்கும் தொடர்பு விட்டுப்போய்ப் பல காலம் ஆகிறது. இந்தத் துறையில் ஒரே மாதிரி யோசனை இரண்டு பேருக்கு வருவது சகஜம். உங்கள் உடம்புதான் முக்கியம்.

அன்புடன்,
பரணி


ஒரத்தநாடு
19 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

நீ சொன்னபடி செய்தேன், அந்தப் பிழை போயிற்று. சந்தோஷம். பாலிடெக்னிக்கில் என்னை நிரந்தரமாக்காமல் தற்காலிக விரிவுரையாளராகவே வைத்து நரைக்கவிட்டவர்கள் இருக்கிறார்களே, அவர்களில் ஒருவனுக்கு இந்த நீலத் திரையைத் திறக்கத் தெரியுமா?

ஒரே மாதிரி யோசனை இரண்டு பேருக்கு வரும் என்று எழுதியிருக்கிறாய். நெல் காயவைப்பதில் வரலாம். கூத்தாநல்லூர் தொழுகை நேரம் பிரபுவுக்கு எப்படி யோசனையாக வரும்?

இப்போது வேறு பிழை. மெஷின் பெயருக்குக் கீழே 'சேமித்த நிலை' என்று காட்டுகிறது. ஸ்டார்ட் கொடுத்தால் பாதிவரை போய், சேமித்தபோது இருந்த பிராசஸர் வேறு, இப்போது இருப்பது வேறு, அதனால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது என்று நின்றுவிடுகிறது. அடுத்து என்ன?

சாரங்கபாணி


சிங்கப்பூர்
19 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணே,

வணக்கம். இது மிக எளிது. மெஷின் பெயரின்மேல் வலது க்ளிக் செய்யுங்கள். டிஸ்கார்ட் என்று வரும், அதாவது சேமித்த நிலையை அழி என்று பொருள். அதைக் கொடுத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் புதிதாகத் திறக்கும். உள்ளே இருக்கும் உங்கள் ஃபைல் எதற்கும் ஒன்றும் ஆகாது. ஒரே க்ளிக். இன்றே செய்துவிடுங்கள்.

செய்துவிட்டு ஒரு வரி எழுதுங்கள்.

பரணி


ஒரத்தநாடு
2 செப்டம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

இங்கு நலம். அண்ணிக்கு ஊசி போட்டார்கள், தேவலை. நாற்று விட்டாயிற்று.

முதல் கேள்விக்குப் பதில் வர மூன்று நாள் ஆயிற்று. இரண்டாவதற்கு அன்று மாலையே வந்துவிட்டது. வேலை குறைந்திருக்கிறது போலும்.

நீ சொன்னதை நான் செய்யவில்லை. அழி என்று எழுதியிருக்கும் எந்தப் பொத்தானையும் அழுத்துவதில்லை என்று எப்போதோ முடிவு செய்துவிட்டேன். பாலிடெக்னிக்கில் என் பணி நிரந்தரக் கோப்பை இப்படித்தான், "ஒண்ணும் ஆகாது சார்" என்று சொல்லி ஒருவன் அழித்தான்.

எனக்கு ஒரு சந்தேகம். இந்த மெஷினை நீ அமைத்துக் கொடுத்த அன்று, என் எதிரில் முறையாக ஷட்டவுன் செய்து காட்டினாய். அதன்பின் நான் அதைத் தொடவில்லை. தொட வேலையும் இல்லை, அதற்குள் சித்தீக் பாயும் பிரபு கம்பெனிக்கு மாறிவிட்டார். அணைத்துவைத்த மெஷினில் சேமித்த நிலை எங்கிருந்து வந்தது? யாரோ திறந்திருக்கிறார்கள். யார்?

பதில் எழுது.

சாரங்கபாணி


சிங்கப்பூர்
10 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். தாமதத்துக்கு மன்னிக்கவும், ஆபீஸில் பெரிய புராஜெக்ட். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறதா? மழை ஆரம்பித்துவிட்டதா?

அந்தச் சேமித்த நிலை, ஏதோ ஒருமுறை கரண்ட் போனபோது தானாகவே சேமித்ததாக இருக்கும். பழைய சாப்ட்வேரில் இப்படி நடப்பதுண்டு. அதை நோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். உங்களுக்குத் தயக்கமாக இருந்தால் ரிமோட்டில் உங்கள் கம்ப்யூட்டருக்குள் நானே வந்து செய்துவிடுகிறேன். ஒரு நம்பர் வரும், அதை மட்டும் எனக்கு அனுப்பினால் போதும். நீங்கள் பக்கத்தில் இருக்கவேண்டிய அவசியம்கூட இல்லை.

அன்புடன்,
பரணி


சிங்கப்பூர்
4 நவம்பர் 2024

பாசமுள்ள மாமாவுக்கும் அக்காவுக்கும்,

மேகலா எழுதுவது. இங்கு மூவரும் நலம். தீபாவளி நல்லபடியாக நடந்ததா? அக்கா அனுப்பிய அதிரசம் வந்து சேர்ந்தது. இவர் ஒன்றைக்கூட மீதி வைக்கவில்லை.

மாமா, நீங்கள் கோபமாக இருக்கிறீர்களா? நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இவர் சரியாகவே பேசுவதில்லை. கேட்டால் "அண்ணன் கம்ப்யூட்டர்ல ஏதோ எரர், அதான்" என்கிறார். எரருக்கு இப்படியா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்? இங்கே எல்லோருக்கும் சரிசெய்து கொடுப்பவர், சொந்த அண்ணனுக்கு முடியாதா? நீங்களே கொஞ்சம் பேசுங்கள்.

தீபாவளிக்கு வீட்டில் நல்ல கூட்டம். பிரபு அண்ணன்கூட வேலையாக வந்தவர் இரண்டு நாள் எங்களோடுதான் தங்கினார். வழக்கம்போல அக்கா கைப் பலகாரம் என்றதும் பறந்தார். நம் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். உங்களை மிகவும் விசாரித்தார்.

குழந்தை பெரியப்பாவுக்கு ஒரு முத்தம் அனுப்புகிறாள்.

தங்கள்,
மேகலா


ஒரத்தநாடு
18 நவம்பர் 2024

பரணிதரனுக்கு,

நலம். மேகலா எழுதியிருந்தாள். தொடர்பு விட்டுப்போன பிரபுவுக்கு அதிரசம் பிடித்திருந்ததாம். அண்ணியிடம் சொன்னேன், சந்தோஷப்பட்டாள். வேறு எதுவும் அவளிடம் சொல்லவில்லை.

சித்தீக் பாயின் மகள் தஹ்மீனா கம்ப்யூட்டர் இஞ்சினியர். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். அவளிடம் உன் கரண்ட் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டாள். "கரண்ட் போனா ஒண்ணுமே சேவ் ஆகாது அங்கிள். யாராவது விண்டோவ மூடினாத்தான் என்ன செய்யணும்னு அது கேக்கும். அவசரத்துல ஓகே கொடுத்துட்டுப் போனா அந்த நிமிஷம் அப்படியே ஒறஞ்சு உள்ள இருக்கும்" என்றாள்.

அந்த நிமிஷத்தைப் பார்க்க வழி உண்டா என்று கேட்டேன். எந்தக் கம்ப்யூட்டரில் சேமித்தார்களோ அதிலேயே திறந்தால் திறக்கும் என்கிறாள். பரணிலிருந்து பழையதை இறக்கித் துடைத்துவிட்டேன். புயலன்று போனது பவர் சப்ளை மட்டும்தானாம், மாற்றிவிடலாம் என்கிறாள். இந்த வாரம் கூத்தாநல்லூருக்குக் கொண்டுபோகிறேன்.

சாரங்கபாணி


சிங்கப்பூர்
18 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணே,

பிரபு தற்செயலாக வந்தான். வீட்டுக்கு வந்தவனை வெளியே போ என்று சொல்ல முடியுமா? மேகலா எதையும் பெரிதுபடுத்தி எழுதுவாள்.

வெளியாட்களிடம் நம் வீட்டுக் கம்ப்யூட்டரைக் கொடுக்கவேண்டாம். அதில் நம் சொந்த விஷயங்கள் எல்லாம் இருக்கின்றன. அந்தப் பெண்ணுக்கு இதில் அனுபவம் இருக்குமா என்று தெரியாது, மொத்தமும் கெட்டுப்போகலாம். பொங்கலுக்கு நான் வரப் பார்க்கிறேன். அதுவரை பழையதை ஆன் செய்யவேண்டாம். இந்த ஒன்றை மட்டும் எனக்காகச் செய்யுங்கள்.

அல்லது அந்த டிஸ்கார்டைக் கொடுத்துவிடுங்கள். உங்கள் புரோகிராம் உங்கள் பெயரோடு அப்படியே திறக்கும். அம்மா மேல் ஆணை.

பரணி


ஒரத்தநாடு
27 ஜனவரி 2025

பரணிதரனுக்கு,

மார்கழியில் நீ எழுதிய இரண்டும் வந்தன. போனும் அடித்துப் பார்த்திருக்கிறாய். பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாய், வரவில்லை. இரண்டு மாதமாக எழுத எனக்குக் கை வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

பழைய கம்ப்யூட்டர் ஓடியது. மெஷின் தடையில்லாமல் திறந்தது.

முதலில் சாம்பல் திரை, பிறகு பழைய பச்சை மலையும் நீல வானமும். அதன்மேல் என் புரோகிராம், எழுதுகிற நிலையில். அதன்மேல், ஒரு சொல்லைத் தேடி இன்னொரு சொல்லாக மாற்றுவதற்கான பெட்டி. தேட வேண்டிய இடத்தில் என் பெயர். மாற்ற வேண்டிய இடத்தில் பிரபுவின் பெயர் இருக்கும் என்றுதான் குனிந்து பார்த்தேன். உன் பெயர் இருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சின்னப் பெட்டி. தேடி முடிந்தது, எல்லா இடத்திலும் மாற்றியாயிற்று என்று அதில் எழுதியிருந்தது. கீழே ஓகே என்று ஒரே ஒரு பொத்தான். அதை நீ அழுத்தவில்லை.

ஏன் அழுத்தவில்லை என்பதும் தெரிந்தது. உள்ளே கடிகாரம் நின்ற இடத்திலிருந்து ஓடத் தொடங்கியிருந்தது. தேதியைப் பார்த்தேன். அம்மாவின் கருமாதி நாள். நேரம் மதியத்துக்குச் சற்று முன். நான் முற்றத்திலிருந்து உன்னைக் கூப்பிட்டேனே, நினைவிருக்கிறதா? "டேய் பரணி, எறங்கி வாடா, பிண்டம் வைக்கணும், ஐயரு காத்துக்கிட்டிருக்காரு." மாடியிலிருந்து நீ சொன்னாய்: "ஆபீஸ் கால்ணே, இந்தா முடிச்சிட்டேன்." வந்திருந்த சொந்தக்காரர்களிடம் நான் பெருமையாகச் சொன்னேன், "காரியத்தன்னைக்கும் புள்ளைய விடமாட்டேங்குறானுவ, அம்புட்டு வேலை அவனுக்கு" என்று. ஈர வேட்டியோடு நின்றுகொண்டு சொன்னேன். நீ இறங்கி வந்து, அதே கையால் எள்ளும் தண்ணீரும் விட்டாய். மறுநாள் ஊருக்குப் போகும்போது மெஷினை மொத்தமாக நகலெடுத்துப் போயிருப்பாய். இங்கே இருப்பது உறைந்து நிற்கிறது என்பது அப்புறம்தான் உனக்கு நினைவுக்கு வந்திருக்கும்.

தஹ்மீனா பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். "அங்கிள், டீ கொண்டுவரச் சொல்லவா?" என்றாள்.

நீ அம்மா மேல் வைத்த ஆணை பொய்யில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். மெஷினுக்கு ஒரு நகல் எடுத்து, அந்த நகலில் மட்டும் சேமித்த நிலையை அழித்துத் திறந்தோம். நீ மாற்றியது சேவ் ஆகாததால் எல்லா இடத்திலும் என் பெயர் பத்திரமாக இருந்தது. உன் பேச்சைக் கேட்டு ஆகஸ்டிலேயே அழித்திருந்தால், எனக்கு வேண்டியது கிடைத்திருக்கும், எதுவும் தெரியாமலே போயிருக்கும். திருவாரூருக்கு நான் சந்தோஷமாகப் போயிருப்பேன்.

நேற்று விழா. சித்தீக் பாய் தன் வண்டியிலேயே பழைய கம்ப்யூட்டரையும் தஹ்மீனாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். உன்னைக் காட்டிக்கொடுக்காமல் பிரபுவை மட்டும் நிறுத்தவேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். மேடையில் நகலைத் திறந்தேன். தேதியை வெள்ளிக்கிழமையாகவும் நேரத்தைப் பன்னிரண்டரையாகவும் மாற்றினேன். எடைத் திரை பூட்டிக்கொண்டது. கூட்டத்திலிருந்து சாமிதுரை, "அடப்பாவிகளா, இதுதாங்க! இதேதான்!" என்று கத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். என் வாழ்நாளில் எனக்காக ஒரு கூட்டம் கைதட்டியது அதுதான்.

பிரபு எழுந்தான். பயப்படவில்லை, கோபப்படவுமில்லை.

"சார் காட்டுறது நெசந்தாங்க. இது அந்தப் புரோகிராம்தான். நான் எழுதுனேன்னு எங்கயும் சொல்லல. பரணி எழுதுனது. அவன்கிட்டதான் முறைப்படி எழுதி வாங்கினேன். தெறந்து பாத்தா எடத்துக்கு எடம் அவன் பேருதான் இருந்துச்சு" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணனுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்?" என்றான். உண்மையாகவே கேட்டான்.

சித்தீக் பாய் என்னைப் பார்த்தார். தஹ்மீனா என் காதருகில், "அங்கிள், இன்னொண்ணும் இதுலதான் இருக்கு. தெறக்கட்டுமா?" என்றாள். ஒரு க்ளிக். திறந்திருந்தால் உன் பெயரும் அம்மாவின் கருமாதித் தேதியும், இரண்டு மாவட்டத்து மில்காரர்களுக்கும் எதிரில் சுவரளவு திரையில் நின்றிருக்கும்.

நான் மைக்கை வாங்கி, "தெரியும். நானும் தம்பியும் சேந்து எழுதுனதுதான்" என்றேன்.

மறுபடி கைதட்டினார்கள். சாமிதுரை, "யாரு எழுதுனா என்னங்க, அந்தப் பூட்ட எவன் எடுக்கப்போறான், அதச் சொல்லுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிரபுவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தலைவர், "மூல ஆசிரியர் பரணிதரனுக்கும் ஒண்ணு போடணும்யா. அவரு வெளிநாட்டுல இருக்காரு, அண்ணன் வாங்கிக்கட்டும்" என்றார். உன் பெயருக்கான பொன்னாடையை என் தோளில் போட்டார்கள். நின்று வாங்கிக்கொண்டேன். பிரபு வந்து என் காலைத் தொட்டான். இத்தனை மாதம் நான் தினமும் திட்டிய ஆள் அவன். இனி அவனைத் திட்டவும் எனக்கு வழியில்லை.

நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதைவிட, உன்னை அங்கே என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லையே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எனக்குத் தம்பி என்று வேறு யாரும் இல்லாமல் போய்விட்டது.

மூலத்தை அழிக்கவில்லை, பழைய கம்ப்யூட்டரில் திறந்தபடி வைத்திருக்கிறேன். அந்தப் பெட்டி இன்னும் ஓகேவுக்காகக் காத்திருக்கிறது. மாசியில் அம்மாவின் திதி. வா. மாடியில் அதே இடத்தில் உட்கார்ந்து, நான் பக்கத்தில் நிற்க, நீயே அழுத்து. அதன்பின் அழிப்பதும் வைத்திருப்பதும் உன் விருப்பம்.

சாரங்கபாணி


சிங்கப்பூர்
21 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். குழந்தைக்குச் சளி இருந்தது, இப்போது தேவலை. உங்கள் சர்க்கரை எப்படி இருக்கிறது? அறுவடை முடிந்ததா? பொங்கலையொட்டி நல்ல மழை என்று செய்தியில் பார்த்தேன், கதிர் சாய்ந்துவிட்டதா?

திதிக்கு வர இயலாது. லீவு கிடைக்கவில்லை. டிக்கெட்டும் இல்லை.

கல்லூரி விடுமுறை முழுவதும் சித்தீக் பாய் மில்லில் நின்று மூட்டை எண்ணியது நான். வெள்ளிக்கிழமை மதியம் ஆள் இல்லாமல் கிடக்கிறது, திரையைப் பூட்டிவிடலாமே என்று இரவு சாப்பிடும்போது உங்களிடம் சொன்னதும் நான்தான். அது உங்களுக்கு நினைவிருக்கிறதா?

பழைய கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கும் பவர் சப்ளை உள்ளூர்ச் சரக்கு என்றால் ரொம்ப நேரம் ஓடவிடாதீர்கள். எரிந்துவிடும்.

இதைப் பற்றி மேகலாவுக்கு எதுவும் எழுதவேண்டாம்.

பரணி


ஒரத்தநாடு
6 மார்ச் 2025

பரணிதரனுக்கு,

இங்கு நலம். சர்க்கரை அப்படியேதான் இருக்கிறது. குழந்தைக்கு இரவில் ஏ.சி. வேண்டாம் என்று மேகலாவிடம் சொல். இதைத் தவிர அவளுக்கு நான் எழுத எதுவும் இல்லை.

கதிர் சாய்ந்துவிட்டது. ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பினார்கள், களத்தில் கொட்டிக் காயவைத்து மறுபடி கொண்டுபோனோம். அம்மாவின் திதி முடிந்தது. உன் பங்குக்கும் நானே எள்ளுந்தண்ணீர் விட்டேன். மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை.

பவர் சப்ளையைப் பற்றி நீ கவலைப்படவேண்டாம். தஹ்மீனா நல்லதாகத்தான் பார்த்து மாட்டியிருக்கிறாள். கரண்ட் போனாலும் மெஷின் நிற்காதபடி யூபிஎஸ் ஒன்றும் வாங்கி வைத்துவிட்டேன். அறுவடை நேரத்தில் மாடியெல்லாம் தூசி படிகிறது. அதனால் கம்ப்யூட்டரை உன் பொன்னாடையால் மூடி வைத்திருக்கிறேன். நல்ல துணி, சரிகையும் கெட்டியாக இருக்கிறது.

சாரங்கபாணி